நாலு மைக், ஒரே லேப்டாப்: சவுண்ட் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பெரும்பாலும் ஒரே ரகம், வீட்டு கம்ப்யூட்டர்ல ரெண்டு மூணு மைக்கை ஒரே நேரத்துல எப்படி ரெக்கார்ட் பண்றதுன்னு. அதனால ஹோம் தியேட்டர் ஒயரிங், பழைய ரேடியோ ரிப்பேர் எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: வணக்கம் சார். ஞாயித்துக்கிழமைல எங்க வீட்ல பாட்டு, வயலின், மிருதங்கம்னு மூணு பேர் உக்காந்து வாசிப்போம், பக்கத்துல சுருதி பெட்டி ஓடும். ஒவ்வொண்ணையும் தனித்தனி டிராக்கா எடுத்து அப்புறமா சத்தத்தை கூட்டி குறைச்சு சரி பண்ணலாம்னு ஒரே மாடல் யுஎஸ்பி மைக் மூணு வாங்கினோம். லேப்டாப்ல ஆடாசிட்டிங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஒரு மைக்கைத்தான் எடுத்துக்குது. சரின்னு பையன் மூணு லேப்டாப்ல ஒவ்வொரு மைக்கை சொருகி தனித்தனியா ரெக்கார்ட் பண்ணி கடைசில சேர்த்தான். ஆரம்பத்துல கச்சிதமா இருக்கு, போகப்போக மிருதங்கம் பாட்டை விட்டு விலகிடுது. வாசிச்சவர் "நான் தாளம் தப்பவே இல்ல"ன்னு சண்டைக்கு வர்றார். மைக்ல கோளாறா, லேப்டாப்லயா? (சங்கீத குடும்பம், மயிலாடுதுறை)

பதில்: அவர் சொல்றதுதான் உண்மை, முதல்ல அவர்கிட்ட போய் ஒரு காபி குடுத்து சமாதானம் ஆகுங்க. மைக்லயும் கோளாறு இல்ல, லேப்டாப்லயும் இல்ல.

விஷயம் இதுதான். யுஎஸ்பி மைக்னு நீங்க வாங்கினது வெறும் மைக் இல்ல, அதுக்குள்ளயே சத்தத்தை நம்பரா மாத்தற ஒரு சிப்பும் இருக்கு, அந்த சிப்புக்கு எப்போ அளக்கணும்னு சொல்ல ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் கடிகாரமும் இருக்கு. 48 கிலோஹெர்ட்ஸ்னா வினாடிக்கு 48,000 தடவை அளக்கணும். ஆனா எந்த கிரிஸ்டலும் துல்லியமா 48,000ல நிக்காது, ஒண்ணு கொஞ்சம் வேகமா ஓடும், ஒண்ணு கொஞ்சம் சோம்பேறித்தனமா ஓடும், சூடு ஏறினா அதுவும் மாறும். ஒரு மைக் 48,000 அளக்கும்போது பக்கத்து மைக் 48,002 அளக்குதுன்னு வெச்சுக்கோங்க. ரெண்டுதானே, என்ன பெரிய வித்தியாசம்னு தோணும். பத்து நிமிஷத்துல அது 1,200 ஆயிடும், அதாவது 25 மில்லிசெகண்ட். நாப்பது நிமிஷத்துல 4,800, சரியா ஒரு வினாடில பத்துல ஒரு பங்கு. துரித காலத்துல வாசிச்ச சொல்லு அவ்வளவு தள்ளி விழுந்தா கேக்கறவங்களுக்கு வாசிச்சவர் மேலதான் சந்தேகம் வரும். ஒரே மாடல் மூணு வாங்கினாலும் கிரிஸ்டல் மூணும் வேற வேறதான், விலை கூடின மைக்கா வாங்கினா விலகல் கொஞ்சம் குறையலாம், போயிடாது.

இப்போ "ஒரே லேப்டாப்ல மூணையும் சொருகினா?"ன்னு அடுத்த கேள்வி வரும். விண்டோஸ்ல ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் பொதுவா ஒரு நேரத்துக்கு ஒரே ஏஸியோ டிரைவரைத்தான் (சவுண்ட் சாதனத்தை சாஃப்ட்வேரோட நேரா இணைக்கற புரோகிராம்) பிடிச்சுக்கும். ஏஸியோ4ஆல்னு இலவசமா ஒண்ணு கிடைக்குது, அது மூணு மைக்கையும் சேர்த்து ஒரே சாதனம் மாதிரி காட்டும், காட்டும் அவ்வளவுதான், உள்ள ஓடற மூணு கடிகாரத்தை அது ஒண்ணாக்காது, அதனால கொஞ்ச நேரத்துல நடுநடுவுல டிக் டிக்னு சொடுக்கு விழ ஆரம்பிக்கும். பேச்சு மட்டும்னா வாய்ஸ்மீட்டர் பனானா மாதிரி ஒரு சாஃப்ட்வேர் மிக்சரை வெச்சு சமாளிக்கலாம், அது ஒரு சாதனத்தை தலைவனா வெச்சு மத்ததை அது வேகத்துக்கு இழுத்துக்கிட்டு ஓடும். சங்கீதத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு வேண்டியது மைக் இல்ல, பல இன்புட் இருக்கற ஒரே ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக் சத்தத்தை நம்பரா மாத்தி கம்ப்யூட்டருக்கு அனுப்பற பெட்டி. அதுல எத்தனை மைக் சொருகினாலும் எல்லாத்தையும் ஒரே கடிகாரம்தான் அளக்கும், அதனால விலகறதுங்கற பேச்சே கிடையாது, ரெண்டு மணி நேரம் ஓடினாலும் முதல் அடி எப்படி இருந்துதோ அப்படியேதான் கடைசி அடியும் இருக்கும். கடைல போனா எல்லாரும் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் டூ-ஐ-டூவைத்தான் எடுத்து நீட்டுவாங்க, நல்ல பெட்டிதான், ஆனா அதுல இன்புட் ரெண்டுதான். உங்களுக்கு பாட்டுக்கு ஒண்ணு, வயலினுக்கு ஒண்ணு, மிருதங்கத்துக்கு ரெண்டு, ஆக மொத்தம் நாலு. பெரிங்கர் யூஎம்சி 404 எச்டி மாதிரி நாலு மைக் இன்புட் பெட்டி இதுக்கு போதும். நாளைக்கு கடம், கஞ்சிரான்னு ஆள் சேருவாங்கன்னா இப்பவே எட்டு இன்புட்டுக்கு போயிடுங்க, திரும்ப விக்கறப்போ பாதி விலைக்குத்தான் போகும். யுஎஸ்பி மைக்கை இதுல சொருக முடியாது, எக்ஸ்எல்ஆர்ங்கற மூணு பின் ஒயர் போடற சாதாரண மைக்தான் வேணும். வாங்கின மூணுல ஒண்ணை ஆன்லைன் கிளாசுக்கு வெச்சுக்கிட்டு மத்ததை வித்துடுங்க.

மிருதங்கத்துக்கு ஏன் ரெண்டுன்னா, தொப்பிங்கற இடப்பக்கமும் வலந்தலைங்கற வலப்பக்கமும் ரெண்டு வேற வாத்தியம் மாதிரி, ஒண்ணுல கும்கிங்கற கனமான நாதம், இன்னொண்ணுல சாப்புங்கற அடி, ஒரு மைக்கை நடுவுல வெச்சா ரெண்டும் அரைகுறையா வரும். ரெண்டு மைக்கும் எதிரும் புதிருமா பாக்கறதால ஒண்ணோட அலை இன்னொண்ணை அழிக்க வாய்ப்பு இருக்கு, ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல (அதை பத்தி கடைசில சொல்றேன்) ஒவ்வொரு டிராக்லயும் ஃபேஸ் திருப்பற, அதாவது அலையை தலைகீழாக்கற பட்டன் இருக்கும், தொப்பி டிராக்ல அதை அழுத்தி பாருங்க, பட்டன் எந்த நிலைல இருந்தா கும்கி கனமா கேக்குதோ அப்படியே விட்டுடுங்க. மைக் வைக்கறதுக்கு பழைய கணக்கு ஒண்ணு உண்டு, வாய்க்கும் மைக்குக்கும் ஒரு அடி இருந்தா பக்கத்து மைக் அந்த மைக்ல இருந்து குறைஞ்சது மூணு அடி தள்ளி இருக்கணும். ஹால் சின்னதுன்னா மூணு பேரும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மேடைல மாதிரி நெருக்கி உக்காரணும்னு வீட்ல என்ன கட்டாயம்?

சுருதி பெட்டிக்கு தனி மைக் வைக்காதீங்க. அது எப்படியும் நாலு மைக்லயும் ஏற்கனவே உக்காந்திருக்கும், பாடறவர் பின்னாடி சத்தம் குறைச்சு வைங்க போதும்.

லெவல் விஷயத்துல நம்ம ஆளுங்க எல்லாரும் பண்றது, மீட்டர் சிவப்பை தொடணும்னு கெயினை (மைக் சத்தத்தை ஏத்தற குமிழை) திருகி வைக்கறது. அதெல்லாம் கேசட் காலத்து பழக்கம். 24 பிட்ல எடுக்கறப்போ உச்சம் மீட்டர்ல மைனஸ் 12 டெசிபெல்ல நின்னாலே தாராளம், தனி ஆவர்த்தனத்துல அவர் உற்சாகமானா ஏறறதுக்கு இடம் வேணும் இல்லையா. கன்டென்சர் மைக்னா பெட்டில 48 வோல்ட் பட்டனை போடணும், டைனமிக் மைக்குக்கு அது தேவை இல்ல, போட்டாலும் ஒழுங்கான எக்ஸ்எல்ஆர் ஒயர்ல வந்தா ஒண்ணும் ஆகாது. கம்ப்யூட்டர் தாங்குமான்னு பயப்படாதீங்க, நாலு டிராக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு சுமார் 2 ஜிபிதான், பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டே இதுக்கு ஏகப்பட்டது.

சாஃப்ட்வேர் ஒண்ணு பாக்கி. விண்டோஸ்ல ஆடாசிட்டியை அப்படியே இறக்கி போட்டு ஓட்டினா நிறைய பெட்டிகள் ரெண்டு ரெண்டு சானலாத்தான் தெரியும், நாலும் ஒண்ணா வராது. ரீப்பரை போடுங்க, 60 நாள் முழுசா ஓட்டி பாக்கலாம், புடிச்சா 60 டாலர் வீட்டு லைசென்ஸ். பெட்டி கம்பெனியோட சொந்த ஏஸியோ டிரைவரை போட்டு, நாலு டிராக் திறந்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு இன்புட்டை காட்டி, நாலையும் ஆர்ம் பண்ணி (ரெக்கார்டுக்கு தயார்னு குறிச்சு), சிவப்பு பட்டனை ஒரு தடவை அழுத்தினா வேலை முடிஞ்சுது.

கேள்வி: லேப்டாப்ல இருக்கற ஹெட்செட் ஓட்டைல ஒய் ஸ்ப்ளிட்டர் போட்டு ரெண்டு காலர் மைக் மாட்டினேன். ரெண்டு பேர் பேச்சும் ஒரே டிராக்ல கலந்து வருது, சத்தமும் கம்மி. எந்த செட்டிங்ல பிரிக்கறது? (யூடியூப் கனவு, திருச்சி)

பதில்: எந்த செட்டிங்லயும் பிரிக்க முடியாது தம்பி. அந்த ஓட்டைல மைக்குக்குன்னு வர்றது ஒரே ஒரு கம்பி, ஒரே ஒரு சானல். ஒய் ஒயர் ரெண்டு மைக்கையும் ஒண்ணா முடிச்சு போடுது, அதுலதான் சத்தமும் இறங்குது.

காலர் மைக்தான் வேணும்னா, ரெண்டு டிரான்ஸ்மிட்டரும் ஒரே ரிசீவரும் வர்ற வயர்லெஸ் செட் பாருங்க, ரோட் வயர்லெஸ் கோ 2, டிஜேஐ மைக் மாதிரி. ரிசீவரை யுஎஸ்பி ஒயர்ல லேப்டாப்புக்கு குடுங்க. அதுல மோனோ, ஸ்டீரியோன்னோ, மெர்ஜ், ஸ்ப்ளிட்னோ ஒரு செட்டிங் இருக்கும், பெட்டியை திறந்த கையோட அதை ஸ்ப்ளிட்டுக்கு மாத்துங்க. அப்போ ஒருத்தர் லெஃப்ட்லயும் இன்னொருத்தர் ரைட்லயும் வருவாங்க, ஆடாசிட்டிலயே அந்த ஸ்டீரியோ டிராக்கை ரெண்டு மோனோவா பிரிச்சுக்கலாம். இங்கயும் ரிசீவர் ஒண்ணுதான்கறதால கடிகார பிரச்னை இல்ல.

கேள்வி: யுஎஸ்பி இருக்கற பத்து சானல் மிக்சர் வாங்கினேன், கடைக்காரர் "பத்தும் கம்ப்யூட்டருக்கு போகும் சார்"னு சொல்லித்தான் குடுத்தார். வீட்டுக்கு வந்து பாத்தா எல்லாம் கலந்து லெஃப்ட், ரைட்னு ரெண்டே டிராக்தான். டிரைவர் ஏதாவது விட்டுப்போச்சா? (ஏமாந்தவன், ஈரோடு)

பதில்: டிரைவர் ஒண்ணும் விடல. கடைக்காரர் பொய் சொல்லல, பத்தும் போகுதுதான், கலந்து போகுது! யுஎஸ்பின்னு எழுதின சின்ன அனலாக் மிக்சர்கள்ல நிறையவும் இப்படித்தான், மெயின் அவுட்டுக்கு வர்ற கலவையை அப்படியே ரெண்டு சானலா கம்ப்யூட்டருக்கு அனுப்பும். வாங்கறதுக்கு முன்னாடி பெட்டில இல்லன்னா கையேட்ல "2 இன் 2 அவுட்"னு போட்டிருக்கா, இல்ல "18 இன் 18 அவுட்"ங்கற மாதிரி பெரிய நம்பர் போட்டிருக்கான்னு பாருங்க, அது ஒண்ணுதான் சத்தியமான வார்த்தை, மிச்சமெல்லாம் விளம்பரம். தனித்தனியா அனுப்பறதுன்னா பெரிங்கர் எக்ஸ்ஆர்18, சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே, ஜூம் லைவ்ட்ராக் எல்-8 இந்த மாதிரி. எல்-8ல இன்னொரு வசதி, கம்ப்யூட்டரே இல்லாம எஸ்டி கார்டுலயே டிராக் டிராக்கா எழுதிக்கும்.

இப்போ கைல இருக்கறதை வெச்சே ரெண்டு பேரை பிரிக்கலாம். ஒரு மைக்கோட பேன் குமிழை (சத்தத்தை லெஃப்ட் ரைட்னு தள்ளற குமிழ்) முழுசா லெஃப்ட்டுக்கு திருப்புங்க, இன்னொண்ணை முழுசா ரைட்டுக்கு, முழுசான்னா முழுசா, கொஞ்சம் நடுவுல நின்னாலும் ஒருத்தர் பேச்சு மத்தவர் பக்கம் கசியும். மிக்சர்லயே இருக்கற எக்கோ, ரிவெர்ப் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க, அது ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் வரும். பேட்டி எடுக்கறதுக்கும், ஒரு பாட்டு ஒரு வாத்தியத்துக்கும் இது தாராளமா போதும், புதுசா காசு செலவு பண்ணாதீங்க. மூணாவது ஆள் வந்தாதான் யோசிக்கணும்.

கேள்வி: அண்ணா, நான் வாரம் ஒரு பாட்காஸ்ட் பண்றேன். விருந்தாளி ஜூம்ல பேசுவாங்க, நான் என் மைக்ல பேசுவேன். ரெண்டும் தனி டிராக்கா வேணும். ஸ்டீரியோ மிக்ஸ் போட்டு பாத்தா விருந்தாளி குரல் மட்டும் வருது, மைக் போட்டா என் குரலும் ஸ்பீக்கர்ல இருந்து வர்ற எதிரொலியும் சேர்ந்து வருது. (பேச்சுத் துணை, கோவை)

பதில்: முதல்ல ஸ்பீக்கரை அணைச்சுட்டு ஒயர் வெச்ச ஹெட்போன் மாட்டுமா, பாதி வியாதி அதுலயே போயிடும். விருந்தாளியையும் மாட்ட சொல்லு, அவங்க ஸ்பீக்கர்ல கேட்டா உன் குரல் அவங்க மைக் வழியா திரும்பி வரும்.

சுலபமான வழி ஜூம்லயே இருக்கு. கம்ப்யூட்டர்ல போட்ட ஜூம்ல செட்டிங்ஸ் போய் ரெக்கார்டிங் பக்கத்துல ஒவ்வொருத்தர் ஆடியோவையும் தனி ஃபைலா எழுதறதுக்கு ஒரு டிக் இருக்கும், அதை போட்டுட்டு உன் கம்ப்யூட்டர்லயே ரெக்கார்ட் பண்ணா மீட்டிங் முடிஞ்சதும் ஆளுக்கொரு ஃபைல் வந்து விழும். குறை என்னன்னா உன் குரலும் ஜூம் அழுத்தி சுருக்கின தரத்துலதான் இருக்கும்.

இன்னும் நல்லா வேணும்னா ஓபிஎஸ். அது வீடியோ ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர்தான், ஆனா ஒரே ஃபைல்ல ஆறு ஆடியோ டிராக் வரைக்கும் தனித்தனியா எழுதும், இலவசம். உன் மைக்கை ஒரு சோர்ஸா சேர்த்துக்கோ, ஜூம் சத்தத்தை இன்னொரு சோர்ஸா சேர்த்துக்கோ (டெஸ்க்டாப் ஆடியோ மொத்தமும் வேண்டாம்னா விண்டோஸ்ல ஒரு ஆப்போட சத்தத்தை மட்டும் பிடிக்கற சோர்ஸும் இருக்கு, அதை போட்டா நடுவுல வர்ற வாட்ஸ்அப் டிங் எல்லாம் ரெக்கார்ட் ஆகாது). அட்வான்ஸ்டு ஆடியோ செட்டிங்ல மைக்குக்கு டிராக் 1 மட்டும், ஜூமுக்கு டிராக் 2 மட்டும் டிக் பண்ணு. அவுட்புட் செட்டிங்கை அட்வான்ஸ்டுக்கு மாத்தி ரெக்கார்டிங் பக்கத்துல 1, 2 ரெண்டையும் டிக் பண்ணு, இந்த ரெண்டாவது டிக்கை மறந்துட்டுதான் நிறைய பேர் "டிராக் 2 வரலை"ன்னு எழுதறாங்க. ஃபைல் எம்கேவியா இருக்கட்டும், நடுவுல கரண்ட் போனாலும் அதுவரைக்கும் எழுதினது பொழைக்கும். படம் தேவை இல்லன்னா திரை கருப்பாவே ஓடட்டும். அப்புறம் ஆடாசிட்டில எஃப்எஃப்எம்பெக்ங்கற துணை சாஃப்ட்வேரை சேர்த்துட்டு அந்த ஃபைலை திறந்தா எந்தெந்த டிராக் வேணும்னு அதுவே கேக்கும்.

நீ முயற்சி பண்ண ஸ்டீரியோ மிக்ஸோ, ஆடாசிட்டில வர்ற லூப்பேக்கோ, கம்ப்யூட்டர்ல ஓடற சத்தத்தை மட்டும்தான் பிடிக்கும், மைக்கை சேர்க்காது, அதுங்க வேலையே அதுதான்.

பாட்டு கிளாஸ் நடத்தற டீச்சர்களுக்கு இதோட ஒண்ணு. ஜூம் சுருதி பெட்டியை ஃபேன் சத்தம் மாதிரி ஒரு இரைச்சல்னு நினைச்சு அமுக்கிடும், ஒரே மாதிரி விடாம ஓடற சத்தம் பாருங்க, அதுக்கு எங்க தெரியப்போகுது. ஆடியோ செட்டிங்ல இசைக்காரங்களுக்கான ஒரிஜினல் சவுண்டுன்னு இருக்கறதை ஆன் பண்ணுங்க.

அப்புறம் முக்கியமா, ரெக்கார்ட் பண்றேன்னு விருந்தாளிகிட்ட சொல்லிட்டு பண்ணு.

கேள்வி: எங்க காலேஜ் பறை குழுல பன்னெண்டு பேர். காசு கிடையாது, ஆளாளுக்கு ஃபோன் இருக்கு. நாலு ஃபோனை நாலு மூலைல வெச்சு ரெக்கார்ட் பண்ணி கம்ப்யூட்டர்ல சேர்க்க முடியுமா? (அதிர்வு, மதுரை)

பதில்: முடியும். மயிலாடுதுறைக்கு சொன்ன கடிகார கதை இங்கயும் உண்டு, நாலு ஃபோன்னா நாலு கடிகாரம். ஆனா அதை கைல சரி பண்றதுக்கு வழி இருக்கு, சினிமாக்காரங்க கிளாப் அடிக்கறாங்களே அதேதான், நீங்க ரெண்டு தடவை அடிக்கணும், ஆரம்பத்துல ஒண்ணு, எல்லாம் முடிஞ்சப்புறம் ஒண்ணு.

எல்லா ஃபோனையும் ஏரோபிளேன் மோட்ல போடுங்க, ரெக்கார்டிங் நடுவுல அம்மா ஃபோன் பண்ணா அந்த டிராக் அம்போ. நாலுலயும் ரெக்கார்டிங்கை ஆன் பண்ணிட்டு, நாலு ஃபோனுக்கும் சம தூரத்துல நடுவுல நின்னு ஒருத்தர் பளார்னு ஒரு கைதட்டு. நடுவுல ஏன்னா சத்தம் ஒரு மில்லிசெகண்டுக்கு சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும், ஒரு ஃபோன் பத்து மீட்டர் தள்ளி இருந்தா அதுக்கு தட்டு போய் சேர 29 மில்லிசெகண்ட் ஆகும், அப்படி ஒரு மூலைல நின்னு தட்டிட்டு அதை வெச்சு டிராக்கை நேர் பண்ணா ஆரம்பமே கோணல். வாசிச்சு முடிச்சதும் அதே இடத்துல நின்னு இன்னொரு தட்டு, அப்புறம்தான் ஃபோனை தொடணும்.

ஆடாசிட்டில நாலையும் திறங்க, ஒவ்வொண்ணுலயும் முதல் தட்டுக்கு முன்னாடியும் கடைசி தட்டுக்கு பின்னாடியும் இருக்கறதை வெட்டிடுங்க, இப்போ நாலும் தட்டுல ஆரம்பிச்சு தட்டுல முடியும். நீளம் மட்டும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். ஒண்ணை அளவுகோலா வெச்சுக்கிட்டு மத்த மூணையும் ஸ்பீடு மாத்தற எஃபெக்ட்ல போட்டா இப்போதைய நீளம், புது நீளம்னு ரெண்டு கட்டம் வரும், புது நீளத்துல அளவுகோல் டிராக்கோட நீளத்தை அப்படியே போடுங்க, சதவீத கணக்கு எதுவும் நீங்க போட வேண்டாம். இப்படி மாத்தறதால சுருதி மாறுமேன்னு கேட்டா, மாறும், எந்த மனுஷ காதுக்கும் தெரியாத அளவு. அஞ்சு நிமிஷ அடவு ஒண்ணுன்னா இந்த வேலையே வேண்டாம், முதல் தட்டை நேர் பண்ணா போதும்.

உங்களுக்கு கடிகாரத்தை விட பெரிய எதிரி வேற, பறை சத்தம். ஃபோன் மைக் பேச்சுக்காக செஞ்சது, பக்கத்துல வெச்சா அடி எல்லாம் நசுங்கி கரகரன்னுதான் வரும், அதை எந்த சாஃப்ட்வேர்லயும் மீட்க முடியாது. அதோட ஃபோன் தானாவே சத்தத்தை ஏத்தி இறக்கும், பலமா அடிச்சதும் அமுக்கும், நிறுத்தினதும் இரைச்சலை தூக்கும். கெயினை கைல வெக்கற, தானியங்கியை அணைக்கற ரெக்கார்டர் ஆப் பாத்து போடுங்க, ஃபோனை தள்ளி வைங்க, ஒரு தடவை முழு பலத்துல அடிச்சு சோதிச்சுட்டு ஆரம்பிங்க. வெட்ட வெளில எடுத்தா இன்னும் நல்லது, ஹால்ல சுவர் திருப்பி அடிக்கற சத்தம் நாலு ஃபோன்லயும் நாலு விதமா வந்து சேர்த்தா ஒரே குழப்படி.

கேள்வி: மேக்புக் வெச்சிருக்கேன். ரெண்டு இன்புட் பெட்டி ஒண்ணு ஏற்கனவே இருக்கு, நண்பர்கிட்ட இன்னொண்ணு. ரெண்டையும் சேர்க்க முடியுமா? (கடன் வாங்கி, சிங்கப்பூர்)

பதில்: முடியும், மேக்ல இதுக்கு வசதி கூடவே வருது. யூட்டிலிட்டீஸ் ஃபோல்டர்ல ஆடியோ மிடி செட்டப் திறந்து பிளஸ் குறியை அழுத்தி அக்ரிகேட் டிவைஸ் ஒண்ணு உருவாக்குங்க, ரெண்டு பெட்டியையும் டிக் பண்ணுங்க, ஒண்ணை கடிகாரமா தேர்ந்தெடுத்துட்டு இன்னொண்ணுக்கு டிரிஃப்ட் கரெக்ஷனை டிக் பண்ணுங்க. அந்த கடைசி டிக் இல்லன்னா மயிலாடுதுறை நிலைமைதான். ரெண்டு பெட்டியும் ஒரே சாம்பிள் ரேட்ல (48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி, வினாடிக்கு எத்தனை தடவை அளக்கறதுங்கறது) இருக்கான்னும் பாத்துக்கோங்க.

கேள்வி: எங்க சர்ச் பாடகர் குழுவுக்கு எட்டு மைக் இன்புட் இருக்கற பெரிங்கர் யூஎம்சி 1820 இருக்கு. கிறிஸ்துமஸுக்கு பன்னெண்டு மைக் வேணும். பெரிய பெட்டி வாங்க கமிட்டி ஒத்துக்க மாட்டேங்குது. (கொயர் மாஸ்டர், நாகர்கோவில்)

பதில்: பெரிய பெட்டி வேண்டாங்க ஐயா, உங்க பெட்டில ஏடேட்னு எழுதின சின்ன சதுர ஓட்டை இருக்கும் பாருங்க, பலரும் அதுல ஒயர் சொருகி பாத்ததே இல்ல. அதுல ஒரே ஆப்டிகல் ஒயர்ல இன்னும் எட்டு சானல் வரும், 48 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும். பெரிங்கர் ஏடிஏ 8200 மாதிரி எட்டு மைக் பிரீஆம்ப் (மைக் சத்தத்தை பெருக்கற பெட்டி) ஒண்ணை கடனாவோ வாடகைக்கோ வாங்கி அந்த ஒயர்ல இணைச்சா மொத்தம் பதினாறு. 96க்கு போனா அந்த ஒயர்ல நாலு சானல்தான் வரும், அதனால 48லயே நில்லுங்க.

இந்த ஏடேட்டுங்கற பேர் அலெசிஸ் கம்பெனி 1992ல வித்த ஒரு மெஷினோட பேரு. எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டை போட்டு அதுல எட்டு டிராக் டிஜிட்டலா எழுதும், இன்னும் டிராக் வேணும்னா பக்கத்துல இன்னொரு மெஷினை வெச்சு சிங்க் ஒயர் போட்டு எல்லாத்தையும் ஒண்ணா ஓட விடுவாங்க. மெஷின் போய் சேர்ந்துடுச்சு, அதோட ஆப்டிகல் ஒயர் மட்டும் இன்னிக்கும் பல பெட்டிகள்ல உக்காந்திருக்கு.

செய்யறப்போ ஒண்ணு மறக்காதீங்க. ரெண்டு பெட்டின்னா திரும்ப ரெண்டு கடிகாரம், யார் சொல்றதை யார் கேக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ஒரே ஒரு ஒயர் 8200ல இருந்து 1820க்கு வருதுன்னா, 8200ஐ மாஸ்டரா வெச்சுட்டு 1820ஐ ஏடேட் கடிகாரத்தை பின்தொடர சொல்லி செட் பண்ணுங்க. ரெண்டும் தன் இஷ்டத்துக்கு ஓடினா அமைதியான இடத்துல எல்லாம் டிக், டிக்னு கேக்கும், கொயர்ல அமைதியான இடம்தானே அழகு. நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னாடியே அரை மணி நேரம் ஓட விட்டு ஹெட்போன்ல கேட்டுடுங்க. அப்புறம் பதினாறு டிராக்னா ஒரு மணி நேரத்துக்கு 8 ஜிபிக்கு மேல, டிஸ்க்ல இடம் இருக்கான்னும் ஒரு பார்வை.

கேள்வி: மூணு டிராக் சேர்ந்து ஓடும்போது பட் பட்னு வெடிக்குது. பஃபரை ஏத்தினா வெடிக்கலை, ஆனா ஹெட்போன்ல என் குரல் லேட்டா கேக்குது. புளூடூத் ஹெட்போன் மாத்தி பாத்தேன், இன்னும் மோசம். (எதிரொலி, சேலம்)

பதில்: புளூடூத்தை முதல்ல கழட்டி வைங்க. அதுல நூறு, இருநூறு மில்லிசெகண்ட் தாமதம் சர்வசாதாரணம், அதோட மைக்கையும் சேர்த்து போட்டா ஃபோன் கால் தரத்துக்கு இறங்கிடும்.

பஃபர்னா கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு சேர்த்து வெச்சு எடுத்துக்கற சத்தத்தோட அளவு. அது 256 சாம்பிள்னா (ஒரு சாம்பிள்னா ஒரு தடவை அளக்கறது) 48 கிலோஹெர்ட்ஸ்ல சுமார் 5 மில்லிசெகண்ட், 1024ன்னா 21. உள்ள வர்றதுக்கு ஒரு தடவை, வெளிய போறதுக்கு ஒரு தடவைன்னு ரெண்டு தடவை ஆகும், அதான் லேட்டா கேக்குது. ஆனா உங்க குரலை நீங்க கம்ப்யூட்டர் வழியா கேக்கணும்னு யார் சொன்னா? இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர்னு ஒரு பட்டனோ குமிழோ இருக்கும், அதை போட்டா மைக் சத்தம் கம்ப்யூட்டருக்குள்ள போகாம நேரா ஹெட்போனுக்கு வந்துடும். அதை போட்டுட்டு சாஃப்ட்வேர்ல அந்த டிராக்கோட மானிட்டரை அணைங்க, இல்லன்னா ரெண்டு குரல் கேக்கும். இப்போ பஃபரை 1024ல வெச்சு நிம்மதியா பாடுங்க. வெடிக்கறது அப்பவும் நிக்கலைன்னா வைஃபையை அணைங்க, பவர் செட்டிங்கை ஹை பெர்ஃபாமன்ஸ்ல வைங்க, யுஎஸ்பி ஹப் வேண்டாம், நேரா லேப்டாப்ல சொருகுங்க.

கேள்வி: எல்லா டிராக்லயும் ம்ம்ம்னு ஒரு ரீங்காரம். மைக் மாத்தினேன், ஒயர் மாத்தினேன். (வண்டு, வேலூர்)

பதில்: லேப்டாப் சார்ஜரை பிடுங்கிட்டு பேட்டரில ஓட்டி பாருங்க. நின்னுடுச்சுன்னா அது நம்ம வீட்டு கரண்டோட 50 ஹெர்ட்ஸ், எர்த் வழியா சுத்தி வருது, ரெக்கார்டிங் முடியற வரைக்கும் பேட்டரிலயே ஓட்டுங்க, இல்லன்னா லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஒரே ஸ்பைக் பஸ்டர்ல போடுங்க. யாராவது பிளக்கோட மூணாவது காலை வெட்டினா சரியாயிடும்னு சொன்னா கேக்காதீங்க, ஷாக் அடிக்கும். சார்ஜர் எடுத்தும் நிக்கலைன்னா ரூம்ல ஃபேன் ரெகுலேட்டரையும் லைட் டிம்மரையும் ஒவ்வொண்ணா அணைச்சு பாருங்க, கண்டுபிடிச்சா எழுதுங்க.